இரண்டாவது பாட்டில்

பீரை வாங்கி வருஷக்கணக்கில் குடிக்காமல் வைத்திருப்பார்கள் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால், போடா கிறுக்கா என்றிருப்பேன். எங்கள் தென்காசியில் பீர் என்பது சித்திரை வெயிலில் உடம்புச் சூட்டுக்குக் குடிப்பது. பாட்டில் வேர்த்திருக்க வேண்டும், வாங்கின கையோடு தீர்ந்துவிட வேண்டும். என் மனைவியின் தம்பிதான் இந்தக் கறுப்பு பீர் பைத்தியத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தான். அவன் கப்பலில் என்ஜினியர். ஐரோப்பாவில் ஏதோ ஒரு துறைமுகத்தில் ஒரே மாதிரி இரண்டு பாட்டில் வாங்கி, லுங்கியில் சுற்றி எடுத்துவந்தான். நம் ஊர் பீரைவிட வீரியம் அதிகம், வைத்திருக்க வைத்திருக்க ருசி மாறும் என்றான். ஒன்றைச் சில வருஷம் கழித்துத் திறக்க வேண்டும், இன்னொன்றை அதற்கும் பிந்தித் திறந்து ருசி எப்படி மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதுதான் அவன் திட்டம்.

“சாராயத்தப் பழசாக்கி வச்சா அது மருந்தா மாறிருமாக்கும்” என்று என் மனைவி முகத்தைச் சுளித்தாள். சுளித்தாளே தவிர, மாடிப்படிக்கு அடியில் வெயில் படாத மூலையில், பழைய பித்தளைப் பாத்திரங்களுக்குப் பின்னால், சாக்கில் சுற்றி அவற்றை வைத்தது அவள்தான். தம்பி என்றால் அவளுக்கு உயிர். அவன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அம்மா போய்விட்டாள். இவள்தான் சோறு ஊட்டி வளர்த்தாள்.

இனி ஒரு மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த சிநேகிதன் ஒருவன் தென்காசியில் காப்பிப்பொடிக் கடை வைத்திருக்கிறான். கொட்டையை அவனே வறுப்பான், அவனே அரைப்பான். வறுபடும்போது இரண்டு கொட்டையை உள்ளங்கையில் வைத்து நசுக்கி முகர்ந்து பார்த்துவிட்டு அடுப்பை அணைப்பான். கடிகாரம் கிடையாது, கணக்குக் கிடையாது, மூக்குதான். அதே மூக்கு குற்றாலத்திலும் எங்களுக்கு உதவியது. மலைமேல் மழை கொட்டினால் கீழே வெயில் அடிக்கும்போதே அருவியில் வெள்ளம் வரும். தண்ணீர் நிறம் மாறுவதற்கு முன்பே அவனுக்கு வாடை வந்துவிடும். “ஏலே, வெளிய வாங்க. சேத்து வாடை வருது” என்பான். நாங்கள் துண்டைப் பிழிந்துகொண்டு நிற்கும்போது போலீஸ்காரர் விசில் ஊதுவார். ஒரு தடவைகூட அவன் தப்பாகச் சொன்னதில்லை. அவனோடு போனால் பயமில்லை என்று என் மனைவியே சொல்வாள்.

கொரோனா வந்தபோது அவன் உயிர் தப்பிவிட்டான், மூக்கு தப்பவில்லை. காய்ச்சல் விட்ட பிறகும் ஒரு வாசனையும் இல்லை. மல்லிகைப்பூவும் மண்ணெண்ணெயும் ஒன்றுதான். கடையைத் திறந்தபோது முதல் வறுப்பே கருகிப்போயிற்று. பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்து சொன்ன பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் அவன் பெண்டாட்டி திரைக்குப் பின்னால் நின்று முகர்ந்து சொல்ல, இவன் முன்னால் நின்று வறுத்தான். பொடியில் பழைய ருசி இல்லையே என்று ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். “மூக்கு வரலன்னா கடைய இழுத்து மூட வேண்டியதுதாம்ல” என்று என்னிடம் சொல்லி அழுதான். அவன் வீட்டுக்கு வெளியே இந்த விஷயம் எனக்கும் என் மைத்துனனுக்கும் மட்டும்தான் தெரியும், என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

கொரோனாவுக்கு மூடியிருந்த அருவிகளை மறுபடி திறந்துவிட்டபின் வந்த சாரல் காலத்தில் மைத்துனன் விடுமுறைக்கு வந்தான். “அத்தான், ஒரு பாட்டில எடுங்க. அண்ணாச்சிய குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போவோம். இந்த பீரும் வறுத்த தானியத்துல பண்ணுததுதான். அவரு மூக்குக்கு இதைவிட நல்ல பரீட்சை கிடையாது” என்றான். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. கிளம்பும்போது என் மனைவி சிநேகிதனிடம், “தம்பிய ஒங்கள நம்பித்தான் அனுப்புதேன் அண்ணாச்சி, குடிச்சிட்டுத் தண்ணியில ஆட்டம் போடுவான்” என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். பிறகு அந்த வார்த்தை அவளையும் என்னையும் சிநேகிதனையும் விடவில்லை.

ஐந்தருவி போகும் வழியில் ஒரு வீட்டைப் பகலுக்கு மட்டும் எடுத்திருந்தோம். பின்கட்டு வாசலைத் திறந்தால் பாறை, பாறைக்குக் கீழே ஓடை. பெரிய அருவி மாதிரி கூட்டமில்லை, தடுப்புக் கம்பியும் இல்லை, விசில் ஊத ஆளும் இல்லை. குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்காமல் குளிப்பதாவது? மூன்று பேரும் உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டோம். எண்ணெய் ஊறுகிற நேரத்தில் பாட்டிலைத் திறந்துவிடலாம் என்றான் மைத்துனன். மேலே மலை முழுக்க மேகம் மூடியிருந்தது. கீழே இளவெயில்.

அந்த பீரில் ஐஸ் கூடாதாம். சிறிய கண்ணாடிக் கிளாஸில் கொஞ்சமாக ஊற்றினான். பாகு மாதிரி கறுப்பாக இறங்கியது, நுரைகூட பழுப்பு நிறம். எனக்கு முதலில் கருப்பட்டி வாசனை வந்தது, பிறகு உலர்ந்த திராட்சை, கடைசியில் நாட்டு மருந்துக் கடைக்குள் நுழைந்தால் வருமே அந்த வாசனை. நாக்கில் கசப்பு மெதுவாக ஏறி, நெஞ்சில் சூடாக இறங்கியது. பீர் குடித்து உடம்பு சூடானது அன்றுதான். சிநேகிதன் குடிக்கவில்லை. கிளாஸை மூக்குக்கு அடியில் பிடித்தபடி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். நாங்கள் இருவரும் அவன் முகத்தையே பார்த்தோம். ரிசல்ட்டுக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி இருந்தது.

பிறகு கண்ணைத் திறந்தான்.

“ஏதோ வருதுல.”

“என்ன வருது, சொல்லுங்க” என்றான் மைத்துனன்.

“சேத்து வாடை. அழுகின எல மாதிரி. நனைஞ்ச மரம் மாதிரி.”

எனக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. ஆனால் மைத்துனன் எழுந்தே விட்டான். “அதாம் அண்ணாச்சி. பழைய பீருல மண்ணு, எல, மரம் எல்லாம் வரும்னு வெள்ளக்காரன் சொல்லுவான். எனக்கே அது பிடிபடல. ஒங்களுக்குப் பிடிச்சிட்டு. மூக்கு வந்துட்டு.” அவன் பொய் சொல்லவில்லை. நன்றாகப் பழசான பீரில் அப்படி வாடை வருவது உண்டுதான் என்று பிற்பாடு நானும் தெரிந்துகொண்டேன். சிநேகிதன் கிளாஸைப் பிடித்துக்கொண்டே அழுதான். அவன் கடை பிழைத்தது என்ற ஒன்றைத் தவிர வேறெதுவும் எங்கள் புத்தியில் இல்லை.

மைத்துனன் தன் கிளாஸைக் காலி செய்தான். “நீங்க அழுது முடிச்சிட்டு வாங்க” என்று சிரித்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பாறையில் இறங்கினான். ஓடைக்கு நடுவே இருந்த கல்லில் உட்கார்ந்து தண்ணீருக்கு முதுகைக் கொடுத்தான். தூரத்தில் விசில் சத்தம் கேட்டது. சாரல் காலத்தில் குற்றாலத்தில் விசில் சத்தம் எப்போதும் கேட்டுக்கொண்டேதான் இருக்கும்.

சிநேகிதன் மறுபடி முகர்ந்தான். “வாடை கூடுதேல” என்றான். அவன் முகத்தில் சந்தோஷம் இன்னும் போகவில்லை. இன்னும் கொஞ்சம் முகர வேண்டும் என்று கிளாஸைக் கிட்டே கொண்டுபோனான், தள்ளிப் பிடித்தான். அப்புறம் அதைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். என்னைப் பார்த்த அந்தப் பார்வையை நான் சாகிறவரை மறக்க முடியாது.

“கிளாஸக் கீழ வச்சிட்டேம்ல. இப்பவும் வருது.”

இருவரும் பாறையில் விழுந்தடித்து இறங்கினோம். ஓடை தேயிலைத் தண்ணீர் நிறத்துக்கு வந்திருந்தது, சருகும் சுள்ளியுமாக மிதந்து வந்தன. மைத்துனனுக்குத் தண்ணீர்ச் சத்தத்தில் எங்கள் குரல் கேட்கவில்லை. கத்திக் கத்திக் கையை ஆட்டிய பிறகுதான் திரும்பினான், எழுந்தான், எங்களை நோக்கி வந்தான். இடுப்பளவு இருந்த தண்ணீர் நெஞ்சுக்கு ஏறியது. நான் குனிந்து அவன் கையைப் பிடித்தேன். நன்றாக, மணிக்கட்டோடு பிடித்தேன். என் கையில் எண்ணெய், அவன் கையில் எண்ணெய். இன்னும் இறுக்கினேன், இறுக்க இறுக்க வழுகியது. பிறகு என் கை மட்டும் இருந்தது.

மறுநாள் ஆற்றில் வெகுதூரம் தள்ளித் தீயணைப்புக்காரர்கள் அவனை எடுத்தார்கள்.

அந்த வருஷம் எப்படிப் போனது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நடந்ததை ஒன்றுவிடாமல் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட மனைவி, வீட்டில் நல்லெண்ணெய் வாங்குவதை நிறுத்தினாள். சிநேகிதன் கடையில் காப்பிப்பொடி வாங்குவதையும் நிறுத்தினாள். அவனை ஒரு வார்த்தை ஏசவில்லை, மளிகைக் கடையிலிருந்து பாக்கெட் பொடி வந்தது, அவ்வளவுதான். ஏசியிருந்தால்கூடத் தேவலை என்று எனக்குத் தோன்றும். சிநேகிதனுக்கு மூக்கு முழுசாகத் திரும்பிவிட்டது. கடைக்குக் கூட்டம் பழையபடி வந்தது. ஆள்தான் பாதியாகிவிட்டான். சாரல் தொடங்கி ஈரக்காற்று வீசினால் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவான் என்று அவன் பெண்டாட்டி சொன்னாள்.

அடுத்த சாரலில் ஒரு காலை வேளை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே கூப்பிட்டும் உட்காரவில்லை.

“அந்த இன்னொரு பாட்டில் இருக்கால?”

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. “அது எதுக்குல ஒனக்கு இப்போ?”

“ரெண்டும் ஒண்ணா வாங்குனதுதான? அதைத் திறந்து பாத்துருவோம்ல. அதுல சேத்து வாடை இருந்தா, அன்னைக்கு நான் முதல்ல மோந்தது பீரத்தான். நான் ஏமாந்துட்டேன்னு விட்டுருவேன். இல்லன்னா, அப்பவே வந்தது வெள்ளத்து வாடை…” அவன் முடிக்கவில்லை. “அவ என்னய நம்பித்தாம்ல அனுப்புனா. நான் படுத்து ஒறங்கி எத்தன நாளாச்சு.”

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் மாடிப்படிக்கு அடியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. மனைவி சாக்கைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பாட்டிலைத் துடைத்து, மூன்று எவர்சில்வர் டம்ளரோடு கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தாள். நான் திறந்தேன்.

ஊற்றியதும் அவன் எடுக்கவில்லை. டம்ளரைப் பார்த்துக்கொண்டே நின்றான். என் மனைவி எடுத்தாள். சாராய வாடை பட்டால் மூக்கைப் பொத்துகிறவள், முந்தானையை விலக்கிவிட்டு முகர்ந்தாள், ஒரு மடக்குக் குடிக்கவும் செய்தாள்.

“சேத்து வாடைதான் அண்ணாச்சி” என்றாள். “கொமட்டுது. தம்பி சரியாத்தான் சொல்லிருக்கான்.”

பிறகு அவன் எடுத்தான். வெகுநேரம் முகர்ந்தான். ஒரு கொட்டை கூடுதலாக வறுபட்டாலும் சொல்லிவிடும் மூக்கு. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். அவளும் கண்ணை எடுக்காமல் அவனைப் பார்த்தாள்.

“ஆமாம்மா” என்றான். “சேத்து வாடைதான்.”

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போன பிறகு நான் என் டம்ளரை எடுத்தேன். கருப்பட்டி, திராட்சை, மருந்துக் கடை. அன்றைக்கு வந்த அதே வாசனைதான். சேறும் இல்லை, இலையும் இல்லை. இன்னொரு தடவை முகர்ந்தேன். மிச்சத்தை அவள் கழுவுதொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“அதுல சேத்து வாடையே இல்லியே” என்றேன்.

“எனக்குத் தெரியாதா” என்றாள். குழாயைத் திறந்து தொட்டியை அலசினாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்: “பாக்கெட் பொடி தீர்ந்துட்டு. நாளைக்கு அவரு கடையில வாங்கிட்டு வாங்க.”