நான் ஏற்றிய ஃபுல் செட்

துளசியின் புரோகிராமைக் கெடுத்தது நான்தான். பழியைத் தேவியின் தலையில் போட்டவனும் நானே!

பிள்ளைகளே, துளசி என் மகள். தேவி அவளுடைய தோழி, சுங்கை வேயிலிருந்து வருபவள். கிள்ளானில் பஸ் எப்போது வரும் என்று சொல்லும் புரோகிராம் ஒன்றை இருவரும் பள்ளிப் போட்டிக்காக எழுதினார்கள். புரோகிராம் எழுதும் கணினி மொழியை லேப்டாப்பில் தனியாக ஏற்றினார்கள். பிறகு தேவையான லைப்ரரிகளை, அதாவது பிறர் எழுதிவைத்த துணைப் புரோகிராம்களை, ஒவ்வொன்றாக, எது எந்தப் பதிப்பு என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் லேப்டாப் கடை வைத்திருப்பவன் அல்லவா! யார் வந்தாலும் ஒரே மருந்துதான்: “ஃபுல் செட் போட்டுத் தரேன் பாஸ், எல்லாமே உள்ள இருக்கு.” மொழியும் நூற்றுக்கணக்கான லைப்ரரிகளும் ஒரே மூட்டையாக வரும். உள்ளே என்னென்ன இருக்கிறது? எனக்கே தெரியாது! தெரிந்தவன் போல் நடித்தே பிழைத்தேன்.

போட்டிக்கு முதல் நாள் துளசி டியூஷனுக்குப் போயிருந்தாள். நல்லது செய்வதாக நினைத்து அந்த மூட்டையை அவள் லேப்டாப்பிலும் ஏற்றினேன். ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை...

மறுநாள் மண்டபத்தில் திரை முழுக்கச் சிவப்பு எழுத்துகள். லேப்டாப், அவள் சேர்த்ததை விட்டுவிட்டு மூட்டையிலிருந்த புதிய பதிப்புகளைப் பிடித்துக்கொண்டது. துளசி பயந்துபோய் மூடிவிட்டாள். பின்வரிசையில் இருந்த நான் அதற்குள் படித்துவிட்டேன். அந்த எழுத்துகளின் நடுவே என் மூட்டையின் பெயர்!

வீட்டில் “கொடு, அப்பா பார்க்கிறேன்” என்று வாங்கி, மூட்டையைச் சத்தமில்லாமல் அழித்தேன். புரோகிராம் ஓடியது.

“இப்ப மட்டும் எப்படிப்பா ஓடுது?”

“போட்டிக்குப் போறப்ப வேன்ல லேப்டாப் யார் மடியில இருந்துச்சு? தேவிதான் எதையாச்சும் நோண்டியிருப்பா.”

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! துளசி, ‘நீதான் கெடுத்தே’ என்று தேவியிடம் சொல்லிவிட்டு அன்றோடு பேசுவதை நிறுத்தினாள்.

மூட்டையைக் குறை சொல்லமாட்டேன். ஒன்றுமே இல்லாத கணினிக்கு அது வசதிதான். ஒருத்தி யோசித்துக் கட்டியதன் மேல் கேட்காமல் கொண்டுபோய்க் கொட்டினேனே, அந்தத் திமிரை என்ன சொல்வது? அப்பன் என்றால் எதையும் தொடலாமா? மாட்டிக்கொள்வோம் என்றால் ஊரார் வீட்டுப் பெண் மேல் பழி போடலாமா? சீ! என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

போன வாரம் தேவி கடைக்கு வந்தாள். சார்ஜர் வாங்க என்றாள். வாங்கிய பிறகும் போகாமல் நின்றாள்.

“அங்கிள்... அன்னிக்கு வேன்ல நான்தான் தெரியாம எதையோ அமுக்கிட்டேன் போல. எனக்கே ஞாபகம் இல்ல. துளசிகிட்ட சாரி சொல்லிடுங்க லா.”

செய்யாத தப்பை அந்தப் பிள்ளை நம்பியே விட்டாள்!

அப்போதாவது வாயைத் திறந்தேனா?

“சரிம்மா, சொல்றேன்” என்றேன்.