கிழமை தவறாத காலை வணக்கம்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஈப்போ நகரில் என் கல்லூரிப் படிப்பின் கடைசிப் பரீட்சைகள் நடந்துகொண்டிருந்த நேரம். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரி வரை படித்தவள் நான்தான். அப்பா சிறுவயதிலேயே தோட்டத்தில் பால்மரம் சீவப் போனவர். ரப்பரை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்ட பிறகும் அங்கேயே குலை வெட்டினார். அவருக்கு எந்த மொழியிலும் எழுத்து தெரியாது. அம்மா இறந்த பிறகு, ஆயர் தாவார் பக்கம் இருந்த வீட்டில் அவரும் அண்ணனும்தான்.

போனில் வரும் பொய்களைக் கண்டுபிடிப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. வாங்காத பொருளுக்கு வரும் பார்சல் செய்தி, வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்ற விளம்பரம், முகம் காட்டாமல் காதலிப்பவன் என்று எதுவானாலும் அறைத்தோழிகள் என்னிடம்தான் காட்டுவார்கள். "நீ பேசாம போலீஸ்ல சேந்துரு லா" என்று ஒருத்தி கிண்டல் செய்வாள்.

அப்பா தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் சாமி படம் அனுப்புவார். யாராவது அவருக்கு அனுப்பியதை எனக்குத் தள்ளிவிடுவார். படத்தைப் பார்ப்பாரே தவிர, அதில் எழுதியிருப்பது அவருக்குத் தெரியாது. அதனால் திங்கட்கிழமையன்று 'இனிய வெள்ளி வணக்கம்' வரும். ஆடி மாதத்தில் பொங்கல் வாழ்த்து வரும். தோழிகளோடு சேர்ந்து நானும் சிரிப்பேன். ஆனாலும் அது வந்தால்தான் அப்பா நன்றாக இருக்கிறார் என்று மனம் அடங்கும்.

பரீட்சை தொடங்கியபோது, அப்பாவின் போன் கீழே விழுந்துவிட்டது, பேச முடியாது, செய்தி மட்டும் போகும் என்று அண்ணன் எழுதினார். நம்பினேன். படங்கள் தவறாமல் வந்தன. ஒரு காலை, புத்தகத்தை மூடிவிட்டுப் போனை எடுத்தேன். 'இனிய வியாழன்'. அன்று வியாழக்கிழமைதான். பழைய படங்களைத் தள்ளிப் பார்த்தேன். புதனுக்குப் புதன், செவ்வாய்க்குச் செவ்வாய். ஒன்றுகூடத் தப்பவில்லை.

அண்ணனை அழைத்தேன். அப்பா வேலைக்குப் போயிருக்கிறார் என்றார். படங்களை யார் அனுப்புவது என்று கேட்டேன். அப்பாதான் என்றார்.

"அப்பாவுக்கு எப்ப அண்ணே படிக்கத் தெரிஞ்சிச்சு? கிழமையெல்லாம் சரியா வருது."

மறுமுனையில் அண்ணன் அழும் சத்தம் கேட்டது. அப்பா மருத்துவமனையில் இருந்தார். கல்லீரலில் புற்றுநோய், முற்றிவிட்டது. எனக்கு மறுநாள் கடைசித் தாள். அதை முடித்ததும் தானே வந்து கூட்டிப்போவதாக அண்ணன் கெஞ்சினார். என்னையே ஏமாற்றப் பார்த்தீர்களா என்று கோபமாகக் கேட்டுவிட்டு, அன்றே பஸ் ஏறினேன்.

அப்பா தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிரிப்பார் என்று நினைத்தேன். கரண்டியைக் கீழே வைத்தார். என்னையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாளைக்குப் பரீட்சைன்னானே இவன். அத விட்டுட்டு வந்திருக்கியேம்மா. எனக்கு அவ்ளோ முடியலையா?"

அப்போதுதான் புரிந்தது. வெறும் வயிற்றுப்புண், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லித்தான் அண்ணன் அவரைத் தேற்றி வைத்திருந்தார். பெரிய வியாதி என்றால் மகளைக் கூப்பிட்டிருப்பார்களே, கூப்பிடவில்லையே என்ற தைரியத்தில் அப்பா இருந்திருக்கிறார்.

"சும்மா பாக்க வந்தேன்ப்பா" என்றேன். அதைவிட மோசமாக யாரும் பொய் சொல்லியிருக்க முடியாது. அப்பா மெல்லத் தலையாட்டினார். கஞ்சியை மறுபடி தொடவில்லை. வீட்டுக்கு எப்போது போகலாம் என்று அதன் பிறகு அவர் யாரிடமும் கேட்கவில்லை.

அந்த மாதம் முடிவதற்குள் போய்விட்டார். விட்ட தாளை அடுத்த தவணையில் எழுதித் தேறினேன். அண்ணன் இன்றுவரை என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. போனது தப்பு என்று நானும் நினைக்கவில்லை, போகாமல் என்னால் இருந்திருக்கவும் முடியாது. போனில் வரும் பொய்யை இன்றும் சட்டென்று கண்டுபிடித்துவிடுகிறேன், ஆனால் அந்தப் பொய்யின் மேல் யார் சாய்ந்து படுத்திருக்கிறார்கள் என்பது மட்டும் எனக்கு எப்போதும் அதற்குப் பிறகுதான் தெரிகிறது.