கூரைமேல் விரித்த துண்டுகள்

மண்ணூரில் எங்கள் தெருக்கோடியில் பால்வாடி கட்டிக் கொடுக்கப் போன ஆகஸ்டில் பதினாலு பேர் வந்து தங்கினார்கள். ஒன்பது பேர் வெளிநாடு, ஐந்து பேர் நம் பக்கம். கூலி கிடையாது, சொந்தச் செலவில் வந்து மண் சுமக்கிறவர்கள். நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் என்பதால், சாமான்களைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். காலையில் மண்வெட்டியும் கலவை சுமக்கும் பாண்டுகளும் எண்ணிக் கொடுப்பேன், மாலையில் எண்ணி வாங்குவேன். நடுவில், யாரும் கேட்காமலே, ஆட்களையும் எண்ணுவேன்.

எனக்குக் கவலை கொஞ்சம் அதிகம்தான். இந்த முறை காரணமும் இருந்தது. பழைய பால்வாடியின் கூரை பெயர்ந்து விழுந்ததால் மூடிவிட்டார்கள். அதிலிருந்து இரண்டரை வயதுப் பேத்தி என் பொறுப்பு. முதுகுவலிக்காரன் அவள் பின்னால் எத்தனை தூரம் ஓட முடியும்? மருமகள் கம்பெனியில் லைனில் நிற்கிறவள், எனக்கு முடியாத நாளெல்லாம் லீவு போட்டாள். இப்படியே போனால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். முகாம் முடியும்வரை மட்டும் பேத்தியைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் சம்மதித்தார்கள். புதுக் கூரை நின்றால் மருமகள் வேலையும் நிலைக்கும்.

கல்லூரி நாட்களில் பிள்ளைப்பாக்கம் பக்கம் கால்வாய் தூர்வாரும் இதே மாதிரி முகாம் ஒன்றுக்கு நானும் போயிருக்கிறேன். அப்போது வெளிநாட்டுக்காரர்கள் வீட்டுக் கடிதத்துக்காகத் தபால்காரர் வழியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவர்கள் சாப்பிடும்போதே போனில் அம்மாவுக்குச் சாம்பாரைக் காட்டுகிறார்கள். மற்றதெல்லாம் அப்படியேதான் இருக்கிறது. தினம் இரண்டு பேர் சமையல், இரண்டு பேர் சுத்தம். எவ்வளவு படித்தவரானாலும் அவரவர் தட்டை அவரவர் கழுவ வேண்டும்.

சுத்தம் செய்கிறவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. டெங்குவுக்குப் பயந்து, வாளியோ டயரோ கொட்டாங்கச்சியோ, எதில் தண்ணீர் தேங்கி நின்றாலும் கொட்டிவிட வேண்டும். இந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பார்க்கும்போதெல்லாம் பாராட்டினேன்.

கூரைக்குக் காங்கிரீட் போட்ட மறுநாள், மேஸ்திரி அதன்மேல் பாத்தி பாத்தியாகக் கரை கட்டித் தண்ணீர் நிரப்பினார். புதுக் காங்கிரீட் சில நாளாவது நனைந்தபடி இருக்க வேண்டும்; காய்ந்தால் வெடிக்கும். இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனாலேயே யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த நாள் சுத்தம் ஒரு ஸ்பெயின்காரருக்கும் ஒரு கொரியப் பெண்ணுக்கும். பதினோரு மணிக்கு ஏணியில் ஏறிப் பார்த்தேன். கரைகளை உடைத்து, துடைப்பத்தால் தள்ளி, கூரையைத் துடைத்தே வைத்திருந்தார்கள். வெயிலில் காங்கிரீட் வெளுத்திருந்தது. ஓரத்தில் தலைமயிர் போல இரண்டு கீறல். இல்லை, மூன்று.

"கொசு இல்லே, தாத்தா!" என்றார் ஸ்பெயின்காரர், கற்றுக்கொண்ட தமிழில், பெருமையாக. நான் கீழே எட்டிப் பார்த்து மேஸ்திரியைக் கூப்பிட்டேன்.

மேஸ்திரி ஏறி வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "இன்னா சார், நான் கட்டுன கொளத்த உங்காளுங்க மெழுவி வெச்சிக்கிறாங்க. கோலம் ஒண்ணுதான் பாக்கி!"

"சிரிக்காதய்யா. கூரை தேறுமா?"

"இப்பவே நனைச்சா தேறும். சாயந்தரம் வரிக்கும் வுட்டீங்க, மழைக்கு ஒழுவும்."

அன்றைக்குப் பார்த்து ஊர் முழுக்கப் பராமரிப்பு மின்தடை. மோட்டார் ஓடாது. தெருமுனை அடிபம்பு ஒன்றுதான் கதி.

முகாமை நடத்திய சென்னைப் பெண் விஷயத்தை ஆங்கிலத்தில் சொன்னதும் ஸ்பெயின்காரர் முகம் சிவந்துபோயிற்று. இரண்டு வாளியை எடுத்துக்கொண்டு அடிபம்புக்கு ஓடினார். மற்றவர்கள் பம்பிலிருந்து ஏணி வரை வரிசையாக நின்றார்கள். ஈரம் காக்கக் கோணிச் சாக்குகளைப் பரப்பினோம். பாதிக் கூரைக்குக்கூட வரவில்லை. அந்தக் கொரியப் பெண் தன் குளியல் துண்டைக் கொண்டுவந்து நனைத்து விரித்தாள். பிறகு ஒவ்வொருவராகத் துண்டு, போர்வை, படுக்கை விரிப்பு. பத்தொன்பது எண்ணினேன். ஒன்றில் பெரிய மீன் படம்.

இரண்டரை மணிக்கு முதல் ஷிப்ட் பெண்கள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். "இன்னாடி இது, பால்வாடி மேல துணி காயுது?" என்றாள் ஒருத்தி.

"காயலம்மா, நனையுது," என்றார் மேஸ்திரி. "நீயும் வந்து ஒரு கொடம் ஊத்து."

மருமகள் யூனிபாரத்தோடு ஏணியடிக்கு வந்தாள். "மாமா, மொதல்ல எறங்குங்க. நீங்க வுழுந்து வெச்சீங்கன்னா, கொழந்தையோட உங்களையும் யாரு பாத்துக்கினு இருக்கறது?" என்று என்னை இறக்கிவிட்டு என் இடத்தில் அவள் நின்றாள். கரண்ட் வரும்வரை வரிசை கலையவில்லை.

அந்தியில் முகாமில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து அன்றைய நாளைப் பற்றி ஒவ்வொரு வார்த்தை சொல்வது வழக்கம். "தண்ணீரைத் திறந்துவிட்டது நான்தான். அது எதற்கு என்று கேட்கவில்லை," என்றார் ஸ்பெயின்காரர். யாரும் அவரைத் தேற்றவுமில்லை, திட்டவுமில்லை. அடுத்தவர் பேச ஆரம்பித்தார். என் முறை வந்தபோது நன்றி என்றுதான் சொல்ல வந்தது. கண்டிக்க இரண்டு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன், விட்டுவிட்டேன்.

முகாம் முடியும்வரை அந்தத் துணிகள் கூரைமேலேயே கிடந்தன. தினம் மூன்று வேளை நனைத்தார்கள். குளித்துவிட்டு வெயிலில் நின்று உடம்பைக் காயவைத்துக்கொண்டார்கள். போகும்போது யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

செப்டம்பரில் கூரையைத் தாங்கிய முட்டுகளைப் பிரித்த பின் ஒரு மாலை நல்ல மழை. பால்வாடிக்குள் போய் மூலை மூலையாக அண்ணாந்து பார்த்தேன். சுவரையும் தடவினேன். ஒரு சொட்டு இல்லை. பால்வாடி திறந்த திங்கட்கிழமை மருமகள் விடியலிலேயே பஸ் ஏறிவிட்டாள். ஒன்பது மணிக்குப் பேத்தியை நான் கொண்டுபோய் விட்டேன். திரும்பிப் பாராமல் உள்ளே ஓடினாள்.