ஆறு மாதம் கொடுத்த சிவப்பு மாத்திரை

துபாய் சோனாப்பூர் லேபர் கேம்பில் எண்ணூறு பேருக்கு நான்தான் கேம்ப் பாஸ். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் ஹெல்ப்பராக வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரும் தூக்கிவிடவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு துபாயில் எங்கே திரும்பினாலும் கட்டடம் எழும்பிய காலம். விசா புதுப்பிக்க மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மெடிக்கல். நெஞ்சு எக்ஸ்ரேயில் காசநோய், அதாவது டிபி, தெரிந்தால் கலாஸ், கதை முடிந்தது, ஊருக்கு விமானம். மறுபடி அங்கே கால் வைக்க முடியாது. அதனால் இருமுகிறவனைக் கம்பெனிக்கு முன்னால் நான் கண்டுபிடித்துவிடுவேன். காலையில் பஸ்ஸுக்கு நிற்கிற வரிசையோரமாக ஒரு நடை நடந்தால் போதும். தூசி இருமல், சிகரெட் இருமல், டிபி இருமல், மூன்றையும் காதாலேயே பிரிப்பேன். டிபி என்றால், லீவு முடிந்து வருகிறவன் ஊறுகாய்ப் பொட்டலத்துக்குள் மாத்திரை கொண்டுவருவான். ஆறு மாதம் எதிரில் நின்று விழுங்க வைப்பேன். நான்கு பேர் அப்படித் தேறி மெடிக்கலில் பாஸானார்கள்.

ஐந்தாவது ஆள் கம்பி கட்டுகிறவன், சிவகங்கைப் பக்கம். மகள் நர்சிங் இரண்டாம் வருஷம். அவள் படிப்பு முடியும்வரை இங்கே இருந்துவிட வேண்டும், அவனுக்கு வேறு பேச்சே கிடையாது. இருமல் வந்தது, இளைத்தான், எச்சிலில் ரத்தம் கண்டது. ஒரே தடவை காது கொடுத்தேன். டிபி என்று சொல்லிவிட்டேன்.

ஸ்டோர் ரூமைக் காலி செய்து தனியாகப் படுக்க வைத்துச் சிவப்பு மாத்திரையைத் தொடங்கினேன். அந்த மாத்திரை தின்றால் மூத்திரம் செங்கல் கரைத்த மாதிரி போகும். எவன் கண்ணிலாவது பட்டால் கம்பெனிக்குச் சேதி போய்விடும். அதனால் என் கக்கூஸ் சாவியையே கொடுத்தேன். ஃபோர்மேன்கூட நுழைய முடியாத கக்கூஸ் அது.

மூன்று மாதமாகியும் உடம்பு ஏறவில்லை. மருந்து பிடிக்க நாளாகும் என்றேன். ஐந்தாம் மாதம் தோள் வலியில் படுக்க முடியவில்லை. கம்பி தூக்குகிற தோள் வலிக்கத்தான் செய்யும் என்றேன். டாக்டரிடம் போகலாமா என்று அவன் இரண்டு தடவை கேட்டான். எக்ஸ்ரே எடுத்தால் மாட்டிக்கொள்வாய் என்று நான்தான் தடுத்தேன்.

ஆறு மாதம் முடிந்தும் ரத்தம் நிற்கவில்லை. சத்வாவில் ஒரு சின்ன கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். நாகர்கோவில் பக்கத்து டாக்டரம்மா. எக்ஸ்ரேயைப் பார்த்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஸ்கேன், ஊசி வைத்துச் சதை எடுத்துச் சோதனை. முடிவு வந்த அன்று அவனை வெளியே உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன்.

"டிபி இல்லங்க. நுரையீரல்ல கேன்சர். டிபின்னு யாரு சொன்னா?"

"நான்தாங்க."

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

எண்ணூறு பேரில் ஒருத்தன்கூட என்னிடம் கேட்டிராத கேள்வி. முதலிலேயே வந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்றார்.

பக்குவமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. வெளியே வந்து அப்படியே சொன்னேன். அவன் முகம் தெளிந்ததைப் பார்த்தேன்.

"அப்ப டிபி இல்லையாண்ணே?"

"இல்லப்பா."

"இதுக்கு விசா அடிச்சுருவாங்கல்ல?"

"அடிப்பாங்க" என்றேன்.

அந்த உடம்போடு அவன் இனி வேலைக்கு நிற்க முடியாது. கம்பெனியோடு மல்லுக்கட்டி ஊருக்கு டிக்கெட் வாங்கி நானே விமானம் ஏற்றிவிட்டேன். எங்கள் தோளை வாங்கிக்கொண்டு நெஞ்சைப் படம் பிடித்துத் துரத்துகிற ஊரை அன்று வாய் வலிக்கத் திட்டினேன். மாத்திரையை அந்த ஊர் கொடுக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

இரண்டு மாதம் கழித்து அவன் மனைவி போன் செய்தாள். காரியமெல்லாம் முடிந்ததாம்.

"ஒருநா விடாம மாத்திரை குடுத்தீகளாம்ல. கூடப் பொறந்தவுககூட இப்புடிப் பாக்க மாட்டாகண்ணே."

ஆமாம்மா என்றேன். மகள் படிப்பு என்ன ஆனது என்று கேட்க வாய் வரவில்லை.