முன்னால் போகத் தெரியாதவள்

அந்த வீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் பெரியவள், இளையவள் சின்னவள். பள்ளிக்கூடத்தில் பதிந்த பெயர்கள் வேறு, வாயில் ஒட்டிக்கொண்டவை இவைதான். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் பெண்ணை அம்மா இன்னமும் "ஏய் சின்னவளே, சாப்பிட வாடி" என்றுதான் கூப்பிடுவாள். அவளும் அதற்குத்தான் திரும்புவாள்.

அக்கா போட்டுக் கழித்த சட்டை, அக்கா படித்த பள்ளி, அக்கா பயந்த வாத்தியார் என்று எல்லாமே சின்னவளுக்குப் பழசாகத்தான் வந்து சேர்ந்தன. வயலினும் அப்படித்தான். கை நீண்டு பெரியவள் முழு அளவு வயலினுக்கு மாறியபோது, சின்ன வயலின் சும்மா கிடப்பானேன் என்று தங்கையின் தோளில் வைத்தார்கள். யாரும் அவளிடம் கேட்கவில்லை. ஆனால் அவளுக்குப் பிடித்துப்போனது.

வளர்ந்ததும் இருவரும் சனிக்கிழமைதோறும் கூடும் நகர இசைக்குழுவில் சேர்ந்தார்கள். பெரியவள் முதல் வயலின், சின்னவள் இரண்டாம் வயலின். நாற்காலிகள் அடுத்தடுத்து. முதல் வயலின்காரர்கள் மெட்டைப் பாடிக்கொண்டு முன்னால் போவார்கள். இரண்டாம் வயலின்காரர்கள் அதைக் காதில் பிடித்துக்கொண்டு அடியில் தாங்கியபடி பின்னால் போக வேண்டும். சின்னவள் இதில் கெட்டிக்காரி. "இவ இருக்கிற இடமே தெரியாது" என்று குழுவை நடத்துபவர் ஒருமுறை சொன்னார். வீட்டில் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டார்கள். சின்னவளும் பெருமைப்பட்டாள், பாவம்.

படித்தது கணக்கியல். மதிப்பெண்ணுக்குக் குறைவில்லை, மனசுதான் ஒட்டவில்லை. ஒருநாள் இரவுச் சாப்பாட்டில், "நான் மியூசிக் படிக்கப் போறேன்" என்று சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"அப்போ இத்தனை நாள் படிச்சது?" என்றாள் அம்மா.

"பொதுப் பாடங்களை எடுத்துக்குவாங்களாம். யுனிவர்சிட்டிக்கு போன் பண்ணிக் கேட்டேன்."

உண்மையிலேயே எல்லாவற்றையும் விசாரித்து வைத்திருந்தாள். இரண்டாம் வருடம் முடிந்த கையோடு விண்ணப்பித்தால்தான் மாறிக்கொள்ள முடியும். அதைத் தவறவிட்டால் முதல் வருடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இசை அறிவு எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பார்க்க ஓர் எழுத்துத் தேர்வு. அதற்குமேல் ஆடிஷன். தன்மையில் வேறுபட்ட இரண்டு உருப்படிகள் வாசிக்க வேண்டும், அதில் ஒன்று பியானோவோடு. கடைசியில், முன்பின் பார்க்காத ஒரு பக்கத்தை நீட்டி வாசிக்கச் சொல்வார்கள்.

அம்மா யோசித்தாள். "போய்ப் பாரு. கிடைக்கலைன்னா கணக்குப் படிப்பை முடிச்சிட்டு வேலைக்குப் போகணும். அப்புறம் மியூசிக்னு பேச்சே எடுக்கக் கூடாது."

சின்னவள் சரி என்றாள்.

பயிற்சிக்குப் பெரியவள் இருக்கக் கவலை என்ன? கீபோர்டும் அவளுக்கு வரும். ஆஸ்பத்திரி லேப்பில் நாள் முழுக்க மற்றவர்களின் ரத்தத்தை எடுத்துவிட்டு வருவாள். கை கழுவி, காபி குடித்து, இரண்டு கட்டில்களுக்கு நடுவில் கீபோர்டை விரித்துப் பியானோப் பகுதியை வாசிப்பாள். "ம், வா" என்பாள். முன்னால் போவாள். தங்கை தொய்கிற இடத்தில் இழுத்துக்கொள்வாள். மூச்சு விட வேண்டிய இடத்தில் தானே நிறுத்தி விடுவாள். "ஒரே ஆள் வாசிக்கிற மாதிரி இருக்குடி" என்று அடுப்படியிலிருந்து அம்மா சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள். யார் அந்த ஒரே ஆள் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஆடிஷன் அறையில் ஒரு மேஜை, அதற்குப் பின்னால் மூன்று பேர், மூலையில் கறுப்புப் பியானோ. பியானோக்காரர் அந்தத் துறையின் ஊழியர், தடித்த கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர். வருகிற பிள்ளை ஓடினால் ஓடுவது, தடுக்கினால் நின்று தூக்கிக்கொள்வது, இதுதான் வருடக்கணக்காக அவர் வேலை. அவரையும் குறை சொல்ல முடியாது.

தனியாக வாசிக்கும் உருப்படி, டிக் டிக் என்று தாளம் தட்டும் மெட்ரோனோமோடு பழகியது. கோடு போட்டதுபோல் நேராகப் போய் முடிந்தது. பிறகு பியானோவோடு ஆரம்பித்தார்கள். சின்னவள் பழக்கப்படி பியானோவைக் காதில் பிடித்துக்கொண்டு ஒரு நூலிழை பின்னால் நின்றாள். பெண்ணுக்கு நிதானமாகப் போக வேண்டும்போல என்று அவர் வேகத்தைக் குறைத்தார். அவர் குறைக்கிறாரே என்று இவளும் குறைத்தாள். குறுகலான வாசலில் இரண்டு மரியாதைக்காரர்கள் 'நீங்க போங்க, இல்லை நீங்க போங்க' என்று நிற்பதுபோல, பாட்டு தேய்ந்து தேய்ந்து நடுவழியில் நின்றேவிட்டது.

மூவரில் நடுவில் இருந்த அம்மாள் நிமிர்ந்தார். "என்னம்மா, இவ்வளவு மெதுவாத்தான் வாசிக்கணும்னு வந்தீங்களா?"

"இல்ல மேடம். நான் சார் பின்னாடி போறேன்."

பியானோக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, நான் உங்க பின்னாடி வந்துட்டிருக்கேன்!"

மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். சின்னவளுக்கு முகம் சுண்டிப்போனது. இத்தனை வருடத்தில் ஒரு பாட்டு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஒருதடவைகூட அவள் முடிவு செய்ததில்லை. அது அந்த நிமிடம்தான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. அக்கா மேல் கோபமும் வந்தது. நன்றிகெட்ட கோபம்தான், ஆனாலும் வந்தது.

"யார் கூட வாசிச்சுப் பழகினீங்க?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"எங்க அக்கா கூட."

"இங்க அக்கா இல்லையே. இன்னொரு தடவை வாசிங்க. அவர் உங்களுக்காகக் காத்திருப்பார். நீங்க அவருக்காகக் காத்திருக்காதீங்க."

இந்த முறை அவள் பியானோ பக்கமே திரும்பவில்லை. மூச்சை இழுத்தாள், ஆரம்பித்தாள். முதலில் தலைதெறிக்க ஓடினாள். ஓரிடத்தில் வில் வழுக்கிக் கீச்சென்றது. நடுவில் மெதுவாக வரும் பகுதியில் ஒரு சுரம் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதற்காகவே அதில் நின்றாள். அக்கா அவ்வளவு நேரம் நிற்க விட்டிருக்கவே மாட்டாள். பியானோ நின்றது. அவள் இறங்கியபோது கூடவே இறங்கியது. அவளுக்குப் பயமாகவும் இருந்தது, இன்னும் கொஞ்சம் வேண்டும்போலவும் இருந்தது. சுத்தமான வாசிப்பு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அது அவள் வாசித்தது.

வெளியே லீவு போட்டுவிட்டு வந்த பெரியவள் பெஞ்சில் காத்திருந்தாள். "முதல் தடவை ஏன்டி நின்னுபோச்சு? கதவுக்கு வெளியில எனக்கு உயிரே போயிடுச்சு."

சின்னவள் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். இருவரும் பஸ் ஏறினார்கள். இறங்குகிற இடம் வந்தபோது பெரியவள், "நான் உனக்கு நல்லது பண்றதாத்தான் நினைச்சேன்" என்றாள்.

"நல்லதுதான் பண்ணின. இறங்கு, பஸ் கிளம்பிடப்போகுது."

சில வாரங்களில் முடிவு வந்தது. இடம் கிடைத்துவிட்டது. தனி வாசிப்புப் பாடத்தை மட்டும் முதல் வருடப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று நிபந்தனை. சனிக்கிழமைகளில் பல்கலைக்கழகக் குழுவில் வாசித்தாக வேண்டும் என்பதால் நகர இசைக்குழுவை விட வேண்டும். அம்மா போனை எடுத்துச் சொந்தக்காரர்களை ஒவ்வொருவராகப் பிடித்தாள். பெரியவள் தங்கையைக் கட்டிக்கொண்டு குதித்தாள். பிறகு உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். சின்னவள் போய்ப் பார்த்தபோது அழுதுகொண்டிருந்தாள்.

"சனிக்கிழமை என் பக்கத்துல யாருடி உட்காருவா?"

"யாராவது வருவாங்கக்கா. வர்றவங்களையாவது இழுத்துட்டு ஓடாதே."

"அடி வாங்கப்போற" என்று பெரியவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "நீ என் பின்னாடி இருக்கேங்கிற தைரியத்துலதான்டி நான் முன்னாடி போனேன்."

இதைச் சின்னவள் எதிர்பார்க்கவில்லை. இடம் வேண்டும், இடம் வேண்டும் என்று தவித்த நாளெல்லாம் அக்காவின் பக்கத்தில் காலியாகப்போகும் நாற்காலி அவள் நினைப்பிலேயே வரவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அவளும் அழுதாள், வெகுநேரம் அழுதாள். ஆனால் நான் போகவில்லை என்று மட்டும் சொல்லவில்லை.