தோடம்பழத் தட்டும் திருவிருந்துத் தட்டும்

ஈரப் புல், தோடம்பழத் தோல், காலில் தேய்த்த சவர்க்காரம்... இந்த மூன்று வாசனையும் ஒன்றாக வந்தால் எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சர்ச் டீம்தான் எனக்கு ஞாபகம் வரும்.

காலுக்குச் சோப்பு எதற்கு என்கிறீர்களா? இரத்தம் உறிஞ்சும் அட்டை ஏறாமல் இருக்க.

நோர்வூட் பக்கம் எங்கள் தோட்டத்தில் சமமான இடம் என்றால் அந்த ஒரு மைதானம்தான். அதிலும் ஒரு பக்கத்து கோல் கம்பத்துக்குப் பின்னால் நேராகப் பள்ளம். கோல் விழுந்தால் பந்து தேயிலைக்குள் உருண்டுவிடும். கோல் கீப்பர்தான் இறங்கி எடுக்க வேண்டும்.

எங்கள் கோல் கீப்பர் கருப்பையா. லயத்து வரிசை வீடுகளில் எனக்கு அடுத்த காம்பரா அவனுக்கு. இரண்டு பேரும் ஒன்றாகத்தான் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போவோம். "நீ கோல தடுக்கிறது டீமுக்காக இல்லடா, அட்டைக்குப் பயந்து" என்று சீண்டுவேன்.

"நீ முன்னால ஒழுங்கா அடிச்சா பந்து ஏன்டா எங்கிட்ட வருது?" என்பான்.

கருப்பையா மாரியம்மனுக்குக் காவடி எடுக்கிறவன். சர்ச் டீமில் அவனுக்கு என்ன வேலை? தோட்டத்தில் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரக் குடும்பங்களே கொஞ்சம். எல்லோரையும் கூட்டிப் பார்த்தாலும் பதினொன்று வரவில்லை.

டீமைச் சேர்த்தவர் எங்கள் உபதேசியார். குருவானவர் ஹட்டனிலிருந்து மாதம் ஒரு தடவை வருவார். மற்ற நாளெல்லாம் ஜெபம் நடத்துவது இவர்தான். வயசும் எங்களைவிடக் கொஞ்சம்தான் கூட. பந்துப் பைத்தியம். பிரசங்கம் எங்கே தொடங்கினாலும் மைதானத்தில் வந்துதான் முடியும்.

"சபையும் ஒரு டீம்தான். நம்ம கேப்டன் ஆண்டவர். எதிர் டீம் சாத்தான்" என்பார்.

"ரெபரி யாருங்கய்யா?" என்று கருப்பையா கேட்டான்.

"அவரும் ஆண்டவர்தான்."

"கேப்டனே ரெபரியா? அப்ப சாத்தான் எப்பிடிங்க ஜெயிப்பான், பாவம்!"

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எனக்கு அன்றைக்கே தலை சுற்ற ஆரம்பித்துவிட்டது.

பாதி ஆட்டத்தில் உபதேசியார் தட்டு நிறையத் தோடம்பழம், அதுதான் ஆரஞ்சு, வெட்டி வைப்பார். அதற்கு ஒரு சட்டம். யாரும் தனக்கென்று எடுக்கக்கூடாது. பக்கத்தில் நிற்கிறவனுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். "டீம்ல நிக்கிறவன் எவனுக்கும் இந்தத் தட்டுல பங்கு உண்டு. சபையும் அப்பிடித்தான்" என்பார்.

அதைக் கருப்பையா நம்பிவிட்டான்.

ஒரு திருவிருந்து ஞாயிறு. எண்ணெய் வைத்துத் தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டு வந்து, எனக்கு இடது பக்கம் முழங்காலில் நின்றான். கையை நீட்டினான். குருவானவர் அப்பத் தட்டோடு வந்தார். அவருக்கு இவன் புது முகம். மெதுவாகக் கேட்டார்.

"ஞானஸ்நானம் எடுத்தாச்சா தம்பி?"

"நான் கோல் கீப்பருங்க ஐயா."

யாரும் சிரிக்கவில்லை. குருவானவரும் கெட்ட மனிதர் இல்லை. அவன் தலையில் கை வைத்து ஆசீர்வதித்துவிட்டு, அப்பத்தை என் கையில் வைத்தார். பக்கத்து ஆளுக்குக் கொடுப்பதா, சாப்பிடுவதா... எப்போது வாயில் போட்டேன், எப்போது விழுங்கினேன், ஒன்றும் தெரியவில்லை.

வெளியே வந்ததும் அவன் உபதேசியாரைப் பிடித்துக்கொண்டான்.

"நான் ஃபவுல் ஏதும் பண்ணிட்டேனுங்களா?"

"இல்ல ராசா... சட்டம் அப்பிடி."

"டீம்ல நின்னா தட்டுல பங்கு உண்டுன்னீங்களே?"

"சொன்னேன்..."

"அப்ப நான் டீம்ல இல்லீங்களா?"

உபதேசியார், "ஞானஸ்நானம் எடுத்துக்கிட்டா..." என்று இழுத்தார்.

"மாரியாத்தாவுக்கு என்னங்க பதில் சொல்வேன்?" என்று கேட்டுவிட்டுக் கருப்பையா லயத்துக்கு நடந்தான்.

அடுத்த சனிக்கிழமை பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம். அந்த வாரம் முழுக்கக் கவ்வாத்துக்கு அவன் என்னை விட்டுத் தனியாகவே போனான். வருவானா மாட்டானா என்று நாங்கள் ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டோம்.

வந்தான். ஆனால் நாங்கள் கை கோத்து ஜெபத்துக்கு நின்றபோது தள்ளிப் போனான். "நீங்க கும்பிடுங்க. நான் கோல்ல நிக்கிறேன்."

பாதி ஆட்டம். உபதேசியார் தட்டை எடுத்துக்கொண்டு மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து கோல் கம்பம் வரைக்கும் நடந்தார். நாங்களும் பின்னாலே போனோம். ஒரு துண்டை எடுத்து அவனிடம் நீட்டினார்.

கருப்பையா அதைப் பார்த்தான். "இதுக்கு எதுவும் எடுக்கணுங்களா?"

"கைய நீட்டுனா போதும் ராசா."

வாங்கினான். சட்டப்படி தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து உபதேசியார் கையில் வைத்தான். அவர் அதைச் சாப்பிடாமல் ரொம்ப நேரம் வைத்துக்கொண்டே நின்றார்.

நல்லது நடந்ததால் ஜெயித்தோம் என்று நினைக்காதீர்கள். இரண்டாம் பாதியில் கோல் வாங்கினோம். பந்து பள்ளத்துக்குள் போனது. கருப்பையா இறங்கினான். அன்றைக்கு ரெபரியாக நின்ற உபதேசியாரும் விசிலை வாயில் வைத்துக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார். அவர் பின்னால் நாங்கள் எல்லோரும்! ஒரு பந்தை எடுக்க ஒரு டீமே தேயிலைக்குள்... ஏறி வந்தபோது எல்லோர் காலிலும் அட்டை. எதிர் டீம்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இப்போது அந்தக் கோலுக்குப் பின்னால் கம்பி வலை அடித்துவிட்டார்கள். பந்து பள்ளத்துக்குப் போவதில்லை, யாரும் இறங்க வேண்டியதும் இல்லை. உபதேசியார் மாற்றலாகிப் போனார். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில் கருப்பையா குடும்பத்துக்கும் இந்தியா பாஸ்போர்ட் வந்து, தலைமன்னாரில் கப்பல் ஏறிவிட்டான்.

குருவானவர் செய்தது சரியா, உபதேசியார் சொன்னது சரியா? இந்த வயதிலும் எனக்குப் புரியவில்லை. இரண்டு பேரும் ஒரே புத்தகத்தைத்தான் படித்தார்கள்.

திருவிருந்துக்கு முழங்காலில் நிற்கும்போது இடது பக்கம் ஓர் ஆள் அளவு இடம் விட்டுத்தான் நிற்பேன். போன மாதம் புது உபதேசியார் வந்து காதில், "நெருங்கி நில்லுங்கண்ணே, இடம் பத்தல" என்றார்.

"அங்க ஆள் இருக்கு தம்பி. பந்து எடுக்கப் போயிருக்கான்" என்றேன்.