தோழிக்கு ஒரு சட்டை

என் அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். அவள் தையல் கடைக்கு வருகிறவர்கள் அளவோடு இரண்டு திட்டும் வாங்கிக்கொண்டுதான் போவார்கள். "இந்தத் துணியில உனக்கு ஒரு கைதான் வரும், இன்னொரு கைய வீட்டுல வச்சுட்டு வா" என்பாள், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

அந்த வாய் அடங்குகிற நேரமும் உண்டு. மார்பில் புற்றுநோய் வந்து ஒரு பக்கத்தை எடுத்துவிட்ட பெண்கள், சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வருவார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசமாட்டாள். திரையை இழுத்துவிட்டு, கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் டேப்பை எடுப்பாள். சட்டைக்கு உள்ளே ஒரு பை தைத்து, பஞ்சும் ஒரு பிடி சின்னப் பாசிமணியும் போட்டு மூடுவாள். மணி இல்லாவிட்டால் கனமில்லாமல் மேலே ஏறிக்கொள்ளுமாம். ஒருத்தி அதைப் போட்டுக்கொண்டு, தானே கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தாள். போகும்போது சால்வையைக் கடையிலேயே மறந்துவிட்டுப் போனாள்.

இதை யாரும் அக்காவுக்குச் சொல்லித் தரவில்லை. எங்கள் அம்மா அதே நோயில் கிடந்த பதினான்கு மாதமும் கூட இருந்தவள் அவள்தான். அம்மா போன பிறகு ஒரு வருஷம் யாரையும் திட்டக்கூட இல்லை.

அதனால்தான் எனக்கும் அதே நோய் வந்தபோது அவளிடம் சொல்லவில்லை. மறுபடியும் ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் அவளை உட்காரவைக்க எனக்குத் தைரியமில்லை. ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த மூன்று வாரமும் வெளியூரில் வேலை என்று போனில் புளுகினேன். என் கணவரும் ஒத்து ஊதினார்.

ஆனால் சட்டை வேண்டுமே. கைக்குட்டைகளை மடித்து உள்ளே செருகிக்கொண்டு கடைக்குப் போய், "ஆபீஸ்ல ஒரு தோழிக்கு" என்று அளவுச் சீட்டை நீட்டினேன். மாட்டிக்கொள்ளக் கூடாதென்று எல்லா அளவிலும் இரண்டு அங்குலம் கூட்டி எழுதியிருந்தேன். எனக்கு அவ்வளவு சாமர்த்தியம்.

அக்கா சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தப் பக்கம்?"

"இடது."

"கையத் தூக்க முடியுதாமா?"

"பாதிதான் முடியுதாம்."

"அப்ப முன்னாடி பொத்தான் வச்சுடறேன். கூட யாரு இருக்கா?"

"வீட்டுக்காரர் இருக்கார்."

"கூடப் பிறந்தவங்க யாரும் இல்லையாமா?"

"இல்லக்கா" என்றேன்.

அவள் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டாள். "வியாழக்கிழமை வந்து வாங்கிக்கோ."

வாங்கி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தேன். ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சீட்டில் இருந்த அளவுக்கு அது தொளதொளவென்று இருந்திருக்க வேண்டும். பள்ளிக்கூட நாளிலிருந்து என் துணியெல்லாம் தைத்தவளிடம் சீட்டு கொடுத்திருக்கிறேன், மடச்சி. அப்படியே கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். பிறகு போன் செய்தேன்.

"அக்கா, சட்டை சரியா இருக்கு."

"தோழிக்கா?"

"எனக்கு."

அந்தப் பக்கம் மெஷின் சத்தம் நின்றது.

"தெரியும்டி. கடைக்குள்ள நுழைஞ்சப்பவே தெரியும். உன் தலைய உன் புருஷன்தானே வாரிவிட்டார்? காக்கா கூடு மாதிரி இருந்துச்சு. இரு, வரேன்."

பட்டப்பகலில் கடையைப் பூட்டிவிட்டு வந்தாள். கழுத்தில் டேப் தொங்கியபடியே இருந்தது. என்னைத் தரையில் உட்காரவைத்து, பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து சிக்கெடுக்க ஆரம்பித்தாள். முகத்தைக் காட்டாமல் இருக்கத்தான் அந்த இடம் என்று எனக்குத் தெரியும். சீப்பு அடிக்கடி நின்றது. அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. திரும்ப முயன்றேன், தலையைப் பிடித்து நேராக வைத்தாள்.

"அம்மாவைப் பார்த்தேன், உன்னையும் பார்த்துப்பேன். அது எனக்கு ஒண்ணும் பெரிசு இல்ல" என்றாள். "கூடப் பிறந்தவங்க இல்லைன்னு என் முகத்துக்கு நேரா சொன்னியேடி. மூணு நாளா சோறு இறங்கலடி எனக்கு."